வித்தும் அடைக்கலமும்

சைவ சித்தாந்த நூல்களில் வித்து என்பது பெரும்பாலும் அழிக்கப்படற்பாலதொன்றற்கு உவமையாகவே வருகின்றது. ஞானாசிரியன் தன் அருணோக்கால் மாணாக்கனது சஞ்சித வினையைக் கெடுத்தல், வறுத்த வித்து மீள முளையாமையோடு ஒப்பிடப்படும். உமியை ஆணவத்துக்கும், தவிட்டை மாயைக்கும், முளையைக் கன்மத்துக்கும் உவமையாக்கி, அம்மூன்றும் நீங்கிய அரிசியை மலம் நீங்கிய உயிருக்குக் காட்டுவர். இவ்வுவமைகளிற் பயின்ற செவிக்கு, வித்தைக் காத்தல் ஓர் அறமாம் என்னும் உரை சிறிது புதிதாகவே தோன்றும். ஆயினும் உழவன் வித்தைக் காவாதொழியின் ஆலயத்தில் நிவேதனமில்லை, அடியார்க்கு அமுதில்லை, உவமை கூறுதற்கு நெல்லுமில்லை.

இக்காலத்து நாடுகள் பல ஒருங்குகூடி, அழிவை நோக்கி நிற்கும் மரஞ்செடிகளின் வித்துக்களைத் திரட்டிக் குளிரறைகளிற் சேமிக்கும் பணியை மேற்கொண்டுள்ளன. இவை விதை வங்கி என்று வழங்கப்படும். வித்தை மெல்ல உலர்த்தி, ஈரத்தைக் குறைத்து, காற்றுப் புகா உறையிலிட்டு, நீர் உறையும் நிலைக்குக் கீழே 18 முதல் 20 பாகைக் குளிரில் வைப்பர். வித்தின் ஈரம் நூற்றுக்கு ஒன்று குறையுந்தோறும் அதன் ஆயுள் ஏறக்குறைய இரட்டிக்கும் என்பது இத்துறையார் கொள்ளும் ஒரு தோராய விதி. இங்கிலாந்தில் கியூ தாவரச்சோலையினர் 2000ஆம் ஆண்டில் வேக்ஹர்ஸ்ட் என்னுமிடத்துத் திறந்த வங்கி, தொண்ணூறு நாடுகளுக்கு மேற்பட்டவற்றோடு கூட்டுறவு பூண்டு காட்டுச் செடிகளின் வித்தைக் காக்கின்றது. நம் நாட்டில் 1976இல் தோன்றிய தேசியத் தாவர மரபுவளப் பணியகம் புதுதில்லியில் நான்கு இலட்சத்துக்கு மேற்பட்ட வித்து மாதிரிகளை வைத்துள்ளது. கும்பகோணத்திற் பிறந்து 2023இல் மறைந்த எம். எஸ். சுவாமிநாதன் சென்னையில் 1988இல் நிறுவிய ஆராய்ச்சி நிறுவனமும் கொல்லிமலைச் சிறுதானியங்கள் முதலியவற்றைப் பேணிவருகின்றது. இவற்றுக்கெல்லாம் புறங்காவலாக, வடதுருவத்தை அடுத்த ஸ்வால்பார்ட் தீவில் நார்வே நாட்டினர் ஒரு மலையைக் குடைந்து அமைத்த களஞ்சியம் 2008ஆம் ஆண்டு பெப்ரவரி 26ஆம் நாள் திறக்கப்பட்டது. இன்று அதன்கண் 13 இலட்சத்துக்கு மேற்பட்ட மாதிரிகள் உள.

இவையெல்லாம் நெடுந்தொலைவிலுள்ள செய்தி, சைவருக்கு இதனாற் போந்தது என்னை எனின், ஸ்ரீபெரும்புதூரை அடுத்த பிள்ளைப்பாக்கத்தை நோக்குக. ஏரிப் பாசனத்தால் நெல் விளைந்த தொண்டை நாட்டூர்களில் அஃதொன்று. இன்று ஸ்ரீபெரும்புதூர் தொடங்கி ஒரகடம் வரை ஊர்திகளும் மின்னணுக் கருவிகளும் செய்யும் தொழிற்சாலைகள் நிரைநிரையாய் நிற்கின்றன; பிள்ளைப்பாக்கத்தும் சிப்காட் தொழிற்பூங்கா அமைந்துள்ளது. தொழிற்சாலையைப் பழித்தல் ஈண்டுக் கருத்தன்று. அவற்றாற் பிழைப்புப் பெற்ற குடும்பங்கள் பல. ஆயின் ஒரு வயல் மனையாகவோ ஆலையாகவோ மாறும்போது நிலம் கைம்மாறுதலை யாவரும் காண்பர். பத்திரத்திலும் அது பதிவாகும். அந்நிலத்து விளைந்த நெல்வகை கைவிட்டுப் போதலை யாரும் காண்பதில்லை. எப்பத்திரத்திலும் அது பதிவாவதில்லை. நம் நாட்டுத் தட்பவெப்பத்தில் குதிரிலும் விதைக்கோட்டையிலும் வைத்த நெல், சில ஆண்டு விதையாது கிடப்பின் முளைக்கும் ஆற்றலை இழந்துவிடும். ஆகலின் உழவன் ஆண்டுதோறும் விதைத்தலே பழங்காலத்து விதை வங்கியாக இருந்தது. அவ்வங்கி தொழிற்சாலைகள் வருமுன்னரே குலைந்துவிட்டது என்பதையும் ஒளியாது கூறல்வேண்டும். 1960களில் ஆடுதுறை 27, ஐ.ஆர். 8 முதலிய புதிய நெற்கள் பரவியபோது, பஞ்சத்துக்கு அஞ்சிய நாடு அவற்றை வரவேற்றது; வரவேற்றது தவறுமன்று. பழைய நெற்கள் விதைப்பாரின்றி மறைந்தது அதன் நிழல்.

இந்நிலையில் எழும் வினா ஒன்றுண்டு. பசித்தவன் எதிர்நிற்ப, வித்தை வித்தாகவே வைத்திருத்தல் அறமாகுமோ? இது வெறுங் கற்பனைக் கடா அன்று. உலகம் இதனை ஒருமுறை நேரிற் கண்டது.

உருசிய நாட்டு நிக்கோலாய் வவிலோவ் என்பார், பயிர்கள் முதன்முதல் எவ்வெந் நாட்டில் தோன்றின என ஆராய்ந்து, பல கண்டங்களிலும் அலைந்து வித்துக்களைத் திரட்டி, இலெனின்கிராட் நகரத்து நிலையத்திற் சேர்த்தனர். பாரத நாட்டையும் பயிர்களின் பிறப்பிடங்களுள் ஒன்றென அவர் கணித்தனர். அரசியற் பகையால் 1940இற் சிறைப்பட்டு, உலகின் பசியை நீக்க உழைத்த அவரே 1943 சனவரியிற் சராத்தோவ் சிறையில் உணவின்றி மாண்டனர். அவர் சிறையிலிருந்த காலத்து, 1941 செப்டம்பர் முதல் 1944 சனவரி வரை இலெனின்கிராட் நகரம் செருமானியப் படையால் முற்றுகையிடப்பட்டது. ஆறு இலட்சத்துக்குக் குறையாத மக்கள் பெரும்பாலும் பட்டினியால் இறந்தனர். நிலையத்தில் நெல்லும் கோதுமையும் பயறும் உருளைக்கிழங்கும் இருந்தன. காவல் பூண்ட ஆராய்ச்சியாளர் அவற்றை எலிக்கும் பனிக்கும் தப்புவித்தனர், தாம் உண்டிலர். நெற்பகுதியைக் காத்த இவானோவ் என்பார், ஆயிரக்கணக்கான நெற்பொதிகள் சூழவே பசியால் உயிர்நீத்தார். நிலக்கடலைப் பகுதியினரான சுக்கின் என்பார் தம் எழுதுமேசையிலேயே இறந்தார். இவ்வாறு இறந்தோர் வேறும் பலர்.

இவ்வரலாற்றைக் கேட்ட சைவன் நெஞ்சில் உடனே எழுவது இளையான்குடி மாறனார் திருச்சரிதம். அதனைப் பாடிய சேக்கிழார் பெருமான் பிறந்த குன்றத்தூர், பிள்ளைப்பாக்கத்துக்கு வெகுதொலைவில் உள்ளதன்று; அவர் வேளாண் குடியினர்; வித்து நெல்லின் அருமை அறியாதவரல்லர். வறுமையுற்ற மாறனார் மனையில், மழைபெய்யும் நள்ளிரவில், இறைவன் அடியவர் வேடம் தாங்கி வந்தனன். இல்லத்து ஒன்றுமில்லை. அன்று பகலில் வயலில் விதைத்த முளைநெல்லை வாரிக்கொணரின் அமுதாக்கலாம் என மனைவியார் கூறினர். இருளிற் காலால் வழிதடவிச் சென்ற நாயனார், நீரில் மிதந்து ஒதுங்கிய வித்தைக் கூடையில் வாரிச் சுமந்து வந்தனர். விறகின்மையால் வீட்டின் கூரை வரிச்சையும் அறுத்து வீழ்த்தினர். இலெனின்கிராட்டார் வித்தைக் காத்து உயிர்விட்டனர். மாறனாரோ முளைத்த வித்தையும் அமுதாக்கினர். இரண்டும் அறமாதல் எங்ஙனம்?

திருத்தொண்டர் புராணத்துள்ளேயே மாறனார்க்கு எதிர்ப்பக்கத்தில் நிற்பார் ஒருவர் உளர். நாட்டியத்தான்குடிக் கோட்புலி நாயனார் சிவபிரான் திருவமுதுக்கென நெற்கூடு கூடாகச் சேர்த்துவைத்து, போர்மேற் சென்றபோது, அதனைத் தொடலாகாதென்று சுற்றத்தாரை ஆணையிட்டுப் போயினர். பஞ்சம் வந்தது. பசியால் இறப்பதினும் இந்நெல்லை உண்டு பிழைத்துப் பின்னர்த் திருப்பிக் கொடுப்போம் என எண்ணிச் சுற்றத்தார் உண்டனர். மீண்டுவந்த நாயனார் அவர் யாவரையும் வாளுக்கு இரையாக்கினர். நெல்லுண்டவள் பாலை உண்டதென்று கைக்குழவியையும் விட்டிலர். இச்சரிதத்தைக் கேட்டு நடுங்காதார் இலர், நடுங்குதலே தக்கது. இது வன்றொண்டு, இறைவன் வெளிப்பட்டு அனைவர்க்கும் கதியளித்தமையால் முடிவு பெற்றது. பிறர் தம் செயலுக்கு விதியாக இதனை எடுத்துக்காட்டல் அடாது. ஆயினும் சுற்றத்தார் கூறிய காரணம் கருதத்தக்கது. பின்னர்த் திருப்பிக் கொடுப்போம் என்பது, பிறர் பொருளை உண்டார் அனைவரும் எக்காலத்தும் கூறும் காரணமே.

இவ்விரு சரிதங்களையும் எதிரெதிர் நிறுத்தி நோக்கின் வேற்றுமை புலனாகும். மாறனார் அமுதாக்கிய வித்து அவரதே. அதனை இழத்தலால் வரும் ஆண்டில் பட்டினி கிடப்போர் அவரும் மனைவியாருமே. அவர் கொடுத்தது நெல்லன்று; தம் நாளையையே கொடுத்தனர். கோட்புலியார் கூட்டிலிருந்த நெல்லோ உண்டவரது அன்று. பிறிதொன்றற்கென நேர்ந்து வைத்தது. தன்னதைப் பசித்தார்க்கு ஈதல் கொடை. அடைக்கலப் பொருளை எடுத்து ஈதல், பசி நோக்கிச் செய்யினும், கொடையாகாது. இலெனின்கிராட்டார் காத்த வித்து அவரதன்று, இன்னும் பிறவாதவரது. அவர் தமதாக உடையது தம் உடல் ஒன்றே. அதனை அவர் ஈந்தனர். ஆகவே மாறனாரும் அவரும் ஒரே நெறியினர். இருவரும் தமதை ஈந்து பிறரதைக் காத்தனர்.

ஈண்டு ஒரு வலிய தடை எழும். தம் பசியைப் பொறுத்தது சரி. நகரத்துக் குழவிகளின் பசியைப் பொறுத்திருக்க அவர்க்கு உரிமை தந்தவர் யார்? இதற்குக் கணக்குக் காட்டி விடையிறுப்பார் உளர். நிலையத்திலிருந்தது பத்து டன் எனக் கொள்ளினும், 25 இலட்சம் மக்கட்குப் பகிரின் ஆளுக்கு 4 கிராமே வரும் என்பர். இவ்விடை போதாது. நகரம் முழுதுக்கும் 4 கிராமாவது, ஒரு தெருவுக்கு மாதக்கணக்கான உணவு. உண்மை விடை கணக்கில் இல்லை. காத்தவர் இறந்தமையில் உள்ளது. உண்டு கொழுத்தவன் வித்தைக் காக்கின்றேன் என்று களஞ்சியத்தைப் பூட்டுவானாயின், அவன் காவலனல்லன், பதுக்குவோன். பசித்தார் நடுவே தானும் பசித்து, அவரினும் முன்னர் விழத் துணிந்தவனுக்கே மறுக்கும் உரிமை சிறிதேனும் உண்டு. அந்நிலையத்தார் அந்நாளில் அவ்வித்தை ஒரு தெருவுக்குப் பகிர்ந்திருப்பாராயினும் அவரைப் பழித்தற்கு இன்று வயிறு நிறைந்திருப்பார் எவர்க்கும் வாயில்லை என்பதும் உடன் கொள்ளத்தக்கது.

அடைக்கலம் என்றவுடன் திருநீலகண்டக் குயவனார் சரிதம் முன்வந்து நிற்கும். சிவயோகியார் தம் ஓட்டினை அவர்பால் வைத்துச் சென்றார். மீண்டு வந்து கேட்டபோது அதனைக் காணவில்லை. அதனினும் நல்லதொன்று தருகின்றேன் என நாயனார் வேண்ட, பொன்னால் ஆயதொன்றைத் தரினும் வேண்டேன், வைத்த ஓடே வேண்டும் என்றனர் யோகியார். பிடிவாதமாகத் தோன்றும் இச்சொல்லின் நியாயத்தை விதை வங்கியார் நன்கறிவர். உத்தரப்பிரதேசத்துச் சதுப்பில் தானே முளைத்த ஒரு காட்டுநெல், தாவர நூலார் ஒரைசா நிவாரா என்பது, களையென்று ஒதுக்கற்பாலது. பிலிப்பைன்ஸ் நாட்டு அனைத்துலக நெல்லாராய்ச்சி நிலையத்தார் அதன் வித்தைச் சேமித்திருந்தனர். ஆசிய நாட்டு நெல்லையெல்லாம் புல்லாக்கும் குட்டைநோய் பரவியபோது, ஆயிரக்கணக்கான நெல்வகைகளைச் சோதித்தும் கிட்டாத நோயெதிர்ப்பு, அந்தக் களையில் இருந்தது. அதன் குணம் ஐ.ஆர். 36 முதலிய நெற்களில் ஏற்றப்பட்டது. அக்களை அழிந்து, அதற்கீடாகப் பொன்னெல் நூறு வகை தந்திருப்பினும் பயனில்லை. வைத்த ஓடே வேண்டும்.

ஸ்வால்பார்ட் களஞ்சியத்து வழக்கமும் அடைக்கல முறையே. வைத்தவர் பெட்டியை நார்வே நாட்டார் திறவார். வைத்தவரே திரும்பப் பெறுவர். சிரியா நாட்டு அலெப்போ நகரை அடுத்து வறண்ட நிலப் பயிர்களை ஆராய்ந்த ஓர் அனைத்துலக நிலையம், உள்நாட்டுப் போரால் தன் களஞ்சியத்தை இழந்தது. போருக்குமுன் வடக்கே அனுப்பிய தன் பெட்டிகளை 2015இல் திரும்பப் பெற்று, இலெபனான், மொராக்கோ நாடுகளில் விதைத்துப் பெருக்கி, 2017 முதல் புது வித்தை மீள அங்கே வைத்துவருகின்றது. கம்போடியாவிலும் இவ்வாறே நிகழ்ந்தது. 1970களின் கொடுங்கோலாட்சியில் உழவரும் நெல்வகைகளும் அழிந்த பின்னர், முன்பே பிலிப்பைன்ஸ் நிலையத்தில் வைத்திருந்த நூற்றுக்கணக்கான நெல்வகைகள் 1980களில் அந்நாட்டுக்குத் திரும்பின. அடைக்கலம் பெற்றவர் அன்று எமதென்று மறுத்திருப்பின் யாது செய்ய முடியும்?

அங்ஙனம் மறுப்பாரும் உலகில் இலரல்லர். வேப்பெண்ணெயாற் பூஞ்சை நோயைத் தடுக்கும் முறையைத் தமதெனக் காப்புரிமை பெற்றவர் ஐரோப்பாவில் இருந்தனர். நம் நாட்டார் வழக்காடியபின் 2000இல் அவ்வுரிமை நீக்கப்பட்டது. மேன்முறையீடும் 2005இல் தள்ளுண்டது. யான் எனது என்னும் செருக்கு ஆணவத்தின் காரியம் என்பது சித்தாந்தம். வேம்பின் கொட்டையிலும் அது முளைக்குமாயின் வியப்பில்லை. 2001இல் ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனத்தில் ஏற்கப்பட்டு 2004இல் நடைமுறைக்கு வந்த உடன்படிக்கையும், நம் நாட்டார் 2001இல் உழவர் உரிமைக்கென இயற்றிய சட்டமும், வித்தை உழவனிடமிருந்து வாங்குவோர் அவன் பங்கை மறவாமைக்கெனச் செய்த வேலிகள். வேலி எத்துணை உறுதியாயினும், எளிய உழவனது கைந்நெல் தொலைநாட்டுக் குளிரறைக்குப் போகும்போது ஐயுற்று வினாவுதல் குற்றமாகாது.

இனி, தத்துவ நெறியில் ஒரு தடை. இன்னும் பிறவாதவர்க்கு இன்று இருப்பார் கடமைப்படுதல் எங்ஙனம்? இல்லாத ஒருவனுக்குக் கடன் உண்டோ? உடலோடு உயிர் தோன்றும் என்பார்க்கு இவ்வினா பெருஞ்சிக்கலாகவே உள்ளது; மேலைநாட்டு அறநூலார் இதன்கண் நெடிது தருக்குவர். சித்தாந்திக்கு இச்சிக்கல் இல்லை. உயிர்கள் அநாதி. பிறப்பது உடம்பே. நூறாண்டு கழித்துப் பிறப்பவன் இன்று இல்லாதவனல்லன். தன் வினைக்கேற்ற தனு கரண புவன போகங்களை நோக்கி நிற்கும் ஓர் உயிர். அவனுக்கென வித்தை வைத்தல் இல்லாதவனுக்கு ஈதலன்று. வெளியூர் சென்றவன் பங்கை எடுத்துவைத்தல் போல்வது. இன்று நெல்லை வீணே அழிக்கின்றவனே நாளை அந்நெல்லின்றிப் பசிப்பவனாய் வருதலும் கூடும்.

எல்லாம் ஒடுங்கி மீளத் தோன்றுவன. மாயை அழியாதாகலின் இறைவன் மீளப் படைப்பான். மனிதன் காப்பதெற்றுக்கு எனின், அது மடிமைக்குத் தத்துவத்தைத் துணைகொள்ளலாம். சங்காரம் இளைப்பொழித்தற் பொருட்டு இறைவன் செய்வது. மனிதன் தன் அவாவால் ஒரு பயிர்வகையை ஒழித்தல் சங்காரமாகாது, கொலையும் களவுமேயாம். சற்காரிய வாதத்தால் வித்துள் மரம் சூக்குமமாய் உளதென்பது கொள்கை. மசாடாக் கோட்டைப் பாழிலிருந்து எடுத்த ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டைய பேரீச்சங் கொட்டை 2005இல் ஊன்றப்பட்டு முளைத்தமையும், சீனத்து வறண்ட ஏரியிற் புதைந்து ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட தாமரை வித்து முளைத்தமையும் அக்கொள்கைக்குக் காட்சியளவையாய் நிற்கத் தக்கன. ஆயின் இல்லாத வித்திலிருந்து மரம் வாராது என்பதும் அவ்வாதத்தின் மறுபக்கமே.

குளிரறையில் உறங்கும் வித்து கேவல நிலையில் உள்ள உயிரை நினைப்பிக்கும். இறவாதது, ஆயின் அறிதலும் தொழிலும் இன்றிக் கிடப்பது. உவமையை இதற்கு மேல் நீட்டலாகாது. எனினும் கேவலத்திற் கிடத்தலே உயிர்க்குப் பயனன்று. சகலத்தில் வந்து உழன்றே அது பக்குவமெய்தும். வித்தும் அவ்வாறே. வங்கியார் குறித்த காலந்தோறும் சிலவற்றை முளைப்பித்துப் பார்த்து, முளைப்புக் குறைந்தவற்றை வயலில் இட்டுப் புதுக்குவர்; புதுக்காத வங்கி நாளடைவிற் சுடுகாடேயாம். அன்றியும் அறையில் முப்பதாண்டு உறங்கிய நெல், அம்முப்பதாண்டில் மாறிய மழையையும் மண்ணையும் பூச்சியையும் அறியாது. ஆண்டுதோறும் வயல் கண்ட நெல்லே அவற்றோடு பழகும். இக்காரணத்தால், பனிமலைக் களஞ்சியத்தினும் திருத்துறைப்பூண்டிப் பக்கத்து நெல் ஜெயராமன் கைக்கொண்ட முறையே உயர்ந்ததென்று கொள்ளுதல் தகும். நம்மாழ்வார் வழிநின்ற அவர், மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம், பூங்கார், குழியடிச்சான் என நூற்றைம்பதுக்கு மேற்பட்ட மரபு நெற்களை மீட்டு, 2006 முதல் ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடாத்தி, உழவர்க்கு 2 கிலோ வித்து ஈந்து, அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திரும்பப் பெற்று, வேறு இருவர்க்கு அளித்துவந்தனர். 2018 திசம்பரில் அவர் மறைந்தபோது அவ்வித்து பூட்டிய அறையில் இருந்ததில்லை; பல ஊர் வயல்களில் இருந்தது.

குளிரறை ஏற்காத வித்துக்களும் பல. கொன்றை, வன்னி போன்றவற்றின் வித்து கடுந்தோல் உடையது. உலர்த்தியும் உறைவித்தும் நெடுங்காலம் வைக்கலாம். மாவும் பலாவும் தெங்கும் அவ்வாறல்ல. உலர்த்தின் அவற்றின் வித்து இறந்துபடும். காஞ்சி ஏகம்பத்தின் தலமரம் மா. அதன் கொட்டையை ஸ்வால்பார்ட்டுக்கு அனுப்புதலாற் பயனில்லை. கன்றாகவோ ஒட்டாகவோ மண்ணில் நின்றாலன்றி அதற்குக் காவலில்லை. நம் திருக்கோயில் நந்தவனங்களில் இன்று எத்துணை, தலமரமென ஒன்று மட்டும் வேலியிட்டு நின்று, வேறு கன்று வையாது கிடக்கின்றன என்பதை அறங்காவலர்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும். பிள்ளைப்பாக்கத்தைச் சூழ்ந்த ஊர்களிலும் சிறிய சிவாலயங்கள் உள. அவற்றைச் சேர்ந்த நிலம் சிலவற்றுக்கு இன்னும் உண்டு. ஒரு மூலையில் ஆண்டுக்கு இரண்டு படி நெல் விதைத்து அறுக்கவும், தலமரத்துக்கு இரண்டு கன்று நடவும், அந்நிலம் போதும்.